அப்பாவுக்கு 20 வருஷமாகச் சர்க்கரை, இப்போது டயாலிசிஸ். இதயத்துக்கு ஆபத்து என்கிறார்கள். எத்தனை வருஷம் இருப்பார்?

எங்கப்பா பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். 22 வருஷச் சர்க்கரை. வாரம் மூன்று தடவை என்று ஆறாவது வருஷம் வரை டயாலிசிஸில் இருந்தார். நான் டாக்டர் இல்லீங்க, கூடவே போய் உட்கார்ந்திருந்த மகன்.

மறைக்காமல் சொல்கிறேன். அமெரிக்கப் பதிவேடுகளில் ஹீமோடயாலிசிஸ் (மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) தொடங்கியவர்களில் 5 வருஷம் தாண்டுகிறவர்கள் பாதிக்கும் கீழே. சர்க்கரையும் இருந்தால் இன்னும் குறைவு. இறப்புகளில் ஏறத்தாழப் பாதிக்கு இதயமும் ரத்தக்குழாயும்தான் காரணம். துடிப்பு தாறுமாறாகித் திடீரென நின்றுபோவது அதில் பெரும்பங்கு. உங்கள் அப்பாவுக்கு எத்தனை நாள் என்று இந்தக் கணக்கு சொல்லாது. எங்கே கண் வைக்கவேண்டும் என்று சொல்லும்.

முதலில் கிழமையைப் பாருங்கள். எங்கப்பாவுக்கு டயாலிசிஸ் செவ்வாய், வியாழன், சனி. ஒரு ஞாயிறு ஊரில் நோம்பி, வீடு நிறைய ஒரம்பரை. "வெயிலுக்கு ஒண்ணு குடிங்க மாமா, சூடு தணியும்" என்று தோப்பு இளநீரை வெட்டி நீட்டினார்கள். இரண்டு குடித்துவிட்டார். செவ்வாய் விடியலில் காலைத் தூக்க முடியவில்லை, நாடி 38. ரத்தத்தில் பொட்டாசியம் 7.4, இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய அளவு. கால்சியம் ஊசி போட்டு, நேராக மெஷினில் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். இளநீரில் பொட்டாசியம் எச்சு என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். தென்னைக்கு நடுவிலேயே வாழ்கிற குடும்பம்!

32,000 பேருக்கு மேல் வைத்து 2011-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் இறப்பும் இதயக் கோளாறும் கூடுகிறது என்று காட்டியது. நம் பக்கம் நிறையப் பேர் வாரம் இரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்கிறார்கள், இடைவெளி இன்னும் நீளும். மூன்றாவது தடவைக்கு வழி இருந்தால் விடாதீர்கள். தண்ணீர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் தண்ணீர் தேங்கி மூன்று நான்கு கிலோ எடை ஏறிவிட்டால், அதை நாலு மணி நேரத்தில் உறிஞ்சும்போது பிரஷர் சடாரென இறங்கி இதயத்தசையே வாடிப்போகும்.

நெஞ்சுவலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பல வருஷச் சர்க்கரையில் நரம்பு மழுங்கியிருக்கும், மாரடைப்பு வலியில்லாமலும் வரும். அப்பாவுக்கு வந்தது வெறும் மூச்சிரைப்பும் குளிர்ந்த வேர்வையும்தான். வாயுக்கோளாறு என்று நினைத்து ஓம வாட்டர் கொடுத்து ஒரு ராத்திரியை வீணாக்கினோம். அது இன்னமும் எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்று. டயாலிசிஸுக்கு முந்தின வருஷம் இன்சுலின் 30 யூனிட்டிலிருந்து 12-க்கு வந்தது. "சக்கரை தெளிஞ்சுபோச்சு" என்று சந்தோஷப்பட்டோம். இன்சுலினைச் சிதைப்பதில் கிட்னிக்குப் பெரிய பங்கு உண்டு, அது ஓயவும் போட்ட மருந்து உடம்பிலேயே தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சர்க்கரை ரொம்ப இறங்கினாலும் இதயத்துக்கு ஆபத்து. மூன்று மாதச் சராசரி டெஸ்ட்டை மட்டும் நம்பாதீர்கள், ரத்தசோகையும் அதற்குப் போடும் ஊசியும் அதைக் குறைத்துக் காட்டும். விரலில் குத்திப் பாருங்கள்.

கொழுப்பு மாத்திரை பற்றியும் கேட்பீர்கள். டயாலிசிஸில் இருந்த 1,255 சர்க்கரை நோயாளிகளுக்கு ஜெர்மனியில் அடோர்வாஸ்டாடின் கொடுத்துப் பார்த்து 2005-ல் முடிவு வெளியிட்டார்கள். கெட்ட கொழுப்பு நன்றாக இறங்கியும், இதய பாதிப்பு பெரிதாகக் குறையவில்லை. ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

அப்பா போனதும் ஒரு செவ்வாய் விடியற்காலை, மெஷினுக்குக் கிளம்பும் முன்னால்.

உங்கள் அப்பாவுக்கு எந்தெந்தக் கிழமை, கடைசியாக எக்கோ (இதய ஸ்கேன்) எப்போது எடுத்தீர்கள், இடையில் எத்தனை கிலோ ஏறுகிறது? எழுதுங்க. டாக்டரிடம் என்னென்ன கேட்கலாம் என்று எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.