டெல்லிப் புகைக்குத் தப்பி நவம்பரில் நிலாவெளிக்கு வரலாமா?

கேள்வி: தங்கையின் கணவருக்கு டெல்லியை ஒட்டிய நொய்டாவில் வேலை. இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு ஆறு வயது. ஒவ்வொரு தீபாவளியோடும் அவனுக்கு முட்டு வந்துவிடும். இந்த முறை புகை தொடங்கியதும் நவம்பர் முதல் இரண்டு கிழமைக்கு இங்கே கூப்பிடலாம் என்று இருக்கிறோம். எங்கள் வீடு திருகோணமலை உவர்மலையில். ஆனால் பிள்ளைகள் கடல், கடல் என்று நிற்கிறார்கள். டவுனில் ஒரு ஏஜென்ட், நிலாவெளியில் 14 இரவு ஹோட்டல், கட்டுநாயக்காவிலிருந்து வான், புறாமலைத் தீவு, திமிங்கிலம் பார்ப்பது எல்லாம் சேர்த்து ஒரு பக்கேஜ் சொல்கிறார். ஓஃப் சீசன் விலையாம். ஒக்டோபர் 15க்குள் முழுக்காசும் கட்ட வேண்டுமாம், பிறகு திருப்பித் தரமாட்டாராம். கட்டலாமா?
வாசகி, உவர்மலை

பதில்: கட்டாதீர்கள். தங்கை குடும்பம் தாராளமாக வரட்டும், பக்கேஜ் வேண்டாம். சின்னவனின் நெஞ்சுக்கு ஒரு பயணம், பிள்ளைகளின் கடலுக்கு இன்னொரு பயணம் என்று பிரித்து யோசியுங்கள். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் முடித்துத் தருகிறேன் என்று சொல்கிற ஆள்தான் முழுக்காசையும் முதலே கேட்கிறார்.

டெல்லியில் புகை ஏறும் மாதமும் எங்கள் பக்கத்துக் கடல் மூடும் மாதமும் ஒன்று. சிக்கல் முழுக்க இதில்தான் இருக்கிறது. பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் நெல்லை அறுத்த கையோடு கோதுமை விதைக்க வேண்டும். நடுவில் கிடைப்பது சில கிழமைதான். நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009இல் பஞ்சாப் கொண்டுவந்த சட்டத்தால் நாற்று நடுகை பிந்தியது, அதனால் அறுவடையும் பிந்தியது. வயலில் நிற்கும் தாளைக் கொளுத்துவதும் காற்று ஓய்ந்து குளிர் இறங்கும் நாட்களுக்கே தள்ளிப்போய்விட்டது. குளிர்ந்த காற்று மேலே எழும்பாமல் தரையோடு கிடக்க, அதற்குள் வாகனப் புகையும் தூசியும் பட்டாசும் சேர்கின்றன.

தாள் எரிப்பு நவம்பர் கடைசியில் அடங்கும். புகை அதோடு அடங்காது, ஜனவரி வரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 2023இல் டெல்லி அரசு பள்ளிக்கூடங்களின் குளிர்கால விடுமுறையை முன்னுக்கு இழுத்து நவம்பர் 9 முதல் 18 வரை கொடுத்தது. அடுத்த வருடம் காற்றுத் தரச் சுட்டெண் 494 வரை போனது நவம்பர் 18ஆம் திகதி. நீங்கள் சொல்கிற முதல் இரண்டு கிழமைக் கணக்கில் வந்திருந்தால், பிள்ளை திரும்பிப் போய் அந்த 494க்குள் இறங்கியிருப்பான். எப்போது பள்ளிக்கூடத்தை மூடுவோம் என்பதை முதல் நாள் இரவில் சொல்கிற அரசாங்கத்தை நம்பி யார் விமான டிக்கெட் எடுப்பது? ஒவ்வொரு வருடமும் வருகிற புகைக்கு ஒவ்வொரு வருடமும் புதிதாகத் திடுக்கிடுகிறார்கள். ஆகவே திகதியை அரசு அறிவிப்பை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். பிள்ளையைப் பார்க்கும் டொக்டரிடம், போன வருடங்களில் எந்தக் கிழமையில் அவனுக்குக் கூடியது என்று கேட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

தங்கை ஃபோனில் காட்டுகிற சுட்டெண்ணையும் நீங்கள் இங்கே பார்ப்பதையும் ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். இந்திய அளவும் அமெரிக்க அளவும் வேறு. ஒரு கன மீட்டரில் 60 மைக்ரோகிராம் நுண்துகள் என்றால் இந்தியச் சுட்டெண் 100 காட்டும், அதே காற்றுக்கு அமெரிக்க அளவு 150ஐத் தாண்டும். இரண்டு பேரும் ஒரே செயலியில் பாருங்கள், போதும்.

இனிக் கடல். நிலாவெளியும் உப்புவெளியும் கிழக்கே திறந்த கரைகள். வாடைக்காற்று பிடித்தால் அலை நேரே வந்து உடைக்கும், உள்ளிழுவையும் பொல்லாதது. திருகோணமலையில் வருடம் முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசெம்பரில்தான் கொட்டுகிறது. புயல் வருவதும் இந்தக் காலத்தில்தான். 2020 டிசெம்பரில் புரெவி எங்களுக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவே கரை ஏறியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கை முழுக்கப் பாதைகளையும் பாலங்களையும் கொண்டுபோனது. சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து பங்குனி, சித்திரையில் வந்து எங்கள் கரையில் வாடி போடுகிற மீனவர்கள், ஐப்பசியோடு கிடுகைக்கூடப் பிரித்துக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். கடலில் சோறு தேடுகிறவனே போன பிறகு ஆறு வயதுப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?

இது ஏஜென்டுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நானும் இந்த ஊரில் வான் பிடித்துக்கொடுத்தும் அறை பார்த்துக்கொடுத்தும் பிழைப்பவன்தான், அதனால் அவருடைய பக்கேஜைப் பிரித்துச் சொல்கிறேன்.

திமிங்கிலம்: திருகோணமலைக் கடலில் அதைப் பார்க்கப் படகு போவது பங்குனி, சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும். நவம்பரில் திமிங்கிலப் படகு தொடங்குவது தெற்கே மிரிஸ்ஸவில். புறாமலை: 2003இலிருந்து தேசியப் பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் இல்லாமல் இறங்க முடியாது, மாரியில் படகும் விடமாட்டார்கள். அப்படியிருக்க இரண்டையும் எப்படி விற்கிறார்? பக்கேஜ் தாளின் அடியில் சின்ன எழுத்தில், 'காலநிலை காரணமாக மாற்று இடங்களுக்கு அழைத்துச் செல்லப்படும்' என்று இருக்கும். அந்த மாற்று இடங்கள் கோணேசர் கோவிலும் கன்னியா வெந்நீர்க் கிணறும். உவர்மலையில் இருக்கிற உங்களுக்கு இந்த இரண்டுக்கும் ஓட்டோக் காசு போதும். ஆனால் நீங்கள் கட்டியிருப்பது திமிங்கிலத்தின் விலை.

மாரியில் புறாமலைக்குப் படகு ஓடாது என்று கட்டுநாயக்காவில் மூன்று மொழியிலும் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? அதே இடத்துக்கு நுழைவுக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி, படகுக் காசு என்று தனித்தனியாகப் பிரித்து எழுத மட்டும் ஆட்களும் தாளும் இருக்கிறது. சாதாரணச் சனத்துக்கு விளங்காத கணக்கு இருக்கும்வரை, 'எல்லாம் உள்ளடக்கம்' என்று சொல்கிறவனின் கடை ஓடத்தான் செய்யும்.

அடுத்தது படம். உங்களுக்கு அனுப்பியிருக்கும் நீலக் கடலும் வெள்ளை மணலும் ஆனி, ஆடியில் எடுத்தவை. எந்த ஹோட்டலை எடுத்தாலும், காசு கொடுக்கும் நாளில் அங்கே நிற்கிற ஆளை வீடியோ கோல் எடுத்துக் கடற்கரையைக் காட்டச் சொல்லுங்கள். அப்படியே அறைக்குள்ளும் போகச் சொல்லுங்கள், ஏனென்றால் சின்னவனுக்கு ஆபத்து கடலைவிட அறையில் கூட. மாரியில் நிலாவெளிப் பக்கம் பல இடங்கள் பாதி மூடிக் கிடக்கும். மாதக்கணக்காகத் திறக்காத அறையின் அலுமாரிக் கதவைத் திறந்தால் மெத்தையும் திரைச்சீலையும் சேர்ந்து ஒரு புளித்த ஈர நாற்றம் வரும். சுவரின் கீழ்ப்பக்கம் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். ஏசியின் முன்மூடியைத் தூக்கினால் வடிகட்டியில் சாம்பல் நிறத்தில் ஒரு படை ஒட்டியிருக்கும். அதைப் போட்டதும் அறை முழுக்கப் பறப்பது அதுதான். இன்னும் சில இடங்களில் ஆள் இல்லாத காலம் என்று மரத்தைத் தேய்த்து வார்னிஷ் அடிப்பார்கள். ஓஃப் சீசன் விலை என்பது இதற்கான விலை.

முழுக்காசு முற்பணம் எந்த நாளும் கொடுக்காதீர்கள். சின்னத் தொகை கொடுங்கள், அதுவும் ஹோட்டலின் கணக்குக்கு, ஆளின் சொந்தக் கணக்குக்கு அல்ல. வளிமண்டலவியல் திணைக்களம் சிவப்பு எச்சரிக்கை விட்டால் திகதியை மாற்றலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். வான்காரர் வழியில் ஏதாவதொரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் 'ஒரு பத்து நிமிஷம்' நிறுத்துவார். கட்டுநாயக்காவிலிருந்து ஆறு மணித்தியாலம் வருகிற முட்டுக்காரப் பிள்ளைக்கு அந்தக் கொமிஷன் நிறுத்தம் தேவையில்லை என்று முதலே சொல்லிவிடுங்கள்.

தமிழ்நாடு வழியாக வரலாம், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறது என்றும் யாராவது சொல்வார்கள். அது வாடைக் காலத்தில் நிற்கிற சேவை. விசாவுக்குக் குடிவரவுத் திணைக்களத்தின் அரச இணையத்தளம் மட்டும்; முகவரி 'கவ் டாட் எல்கே' (gov.lk) என்று முடிய வேண்டும். தேடினால் முதலில் வந்து நிற்பவை பல நேரம் இடைத்தரகர் தளங்கள், பார்த்தால் அரசாங்கம் போலவே இருக்கும். 2024 ஏப்ரலில் தனியாரிடம் போன ஒன்லைன் விசா, உயர் நீதிமன்றத் தடை வந்து அந்த வருடமே பழைய முறைக்குத் திரும்பியது. கட்டணமும் சலுகையும் அதற்குப் பிறகும் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆகவே போன வருடம் வந்தவர் சொன்ன தொகையை வைத்துக்கொண்டு யாருக்கும் காசு அனுப்ப வேண்டாம்.

நவம்பரில் பிள்ளைகள் கடலில் கால் நனைக்க ஒரே ஒரு விலக்கு இருக்கிறது: மார்பிள் பீச். சீனக்குடாப் பக்கம், விமானப்படை நடத்துகிற இடம். திறந்த கடலைப் பார்க்காமல் சின்னக் குடாவுக்குள் ஒதுங்கி இருப்பதால் நிலாவெளியில் அலை ஆளை அடிக்கிற நாளிலும் இங்கே தண்ணீர் அடங்கிக் கிடக்கலாம். கிடக்கலாம் என்றுதான் சொல்கிறேன். மகாவலி வெள்ளம் கொட்டியாரக்குடாவில் வந்து விழுகிற காலம் இது, தொடர்மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கல். அந்த நாட்களில் இறக்காதீர்கள். மழை விட்டு இரண்டு நாள் வெயில் எறித்து, தாழமுக்கம் ஏதும் கிழக்கே இல்லை என்றால், காலையில் போய் மத்தியானத்துக்கு முன் திரும்பலாம். புறப்படுமுன் திறந்திருக்கிறார்களா என்று கேளுங்கள், விமானப்படை இடம் என்பதால் தங்கை குடும்பத்தின் பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோங்கள். முழங்கால் தண்ணீருக்கு மேல் சின்னவன் வேண்டாம், குளிர்ந்தால் உடனே துடைத்துச் சட்டை மாற்றுங்கள். இதற்கு முதல் நாள் இரவில் முடிவெடுத்தால் போதும், 14 இரவு ஹோட்டல் எதற்கு? ஏஜென்ட் இதைக் கேட்டுவிட்டு 'பார்த்தீர்களா, கடல் இருக்கிறதே' என்பார். இருக்கிறது, ஆனால் அவர் விற்கிற கரையில் இல்லை.

கடற்கரைக் காற்று என்றாலே சுத்தம் என்றும் நம்பிவிடாதீர்கள். வாடை வடகிழக்கிலிருந்து வீசுவதால் வங்கக் கடலுக்கு மேலாக இந்தியாவின் மாசும் சில நாட்களில் இங்கே வந்து சேர்கிறது. 2022 டிசெம்பர் 9ஆம் திகதி நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடியது அதற்காகத்தான். மழை பெய்கிற நாட்களில் கழுவிப் போகும். டெல்லியோடு பார்த்தால் பெரிய நிம்மதிதான், அதை மறுக்கவில்லை.

ஆகவே நவம்பரில் வருகிறவர்களை உங்கள் வீட்டிலேயே வையுங்கள். ஆனால் வீட்டில் புகை இருக்கக் கூடாது. மாரியோடு டெங்குக் காலமும் என்பதால் நுளம்பை விரட்டத்தான் வேண்டும், அதற்குப் படுக்கை வலை கட்டுங்கள். பூட்டிய அறையில் நுளம்புத்திரி கொளுத்தினால் அவன் டெல்லியிலேயே இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை இரண்டு கிழமைக்கு நிறுத்துங்கள். விடிய முற்றம் கூட்டிக் குப்பையைக் கொளுத்துகிற பக்கத்து வீட்டாரிடமும் போய்ப் பிள்ளையின் வருத்தத்தைச் சொல்லுங்கள், கேட்பார்கள். மருந்தும் பம்பும் டொக்டரின் துண்டோடு கைப்பையில் வரட்டும், பெட்டியில் அல்ல. நெபுலைசரின் வயரை மறக்காமல் பாருங்கள்: அங்கே உருண்டை முள்ளு, இங்கே புது வீடுகளில் சதுர முள்ளு. இணைப்பான் ஒன்று வாங்கி வையுங்கள்.

கடலுக்கு வைகாசி, ஆனியில் கூப்பிடுங்கள். அங்கே கோடை விடுமுறை, இங்கே கடல் தட்டையாகக் கிடக்கும், புறாமலைக்கும் படகு ஓடும். கச்சான் காற்று மத்தியானத்தில் சுடும், அதனால் காலையிலும் நாலு மணிக்குப் பிறகும் இறங்குங்கள். டிசெம்பர் விடுமுறையில்தான் முடியும் என்றால் தெற்கே உனவட்டுன, ஹிக்கடுவ பக்கம் பாருங்கள். விலை உச்சத்தில் இருக்கும், டெல்லிப் பனிமூட்டத்தில் விமானமும் பிந்தும்.

ஏஜென்டுக்கு ஒக்டோபர் 15 வரை காத்திராமல் நாளைக்கே இல்லை என்று சொல்லிவிடுங்கள். 'வேறொரு பார்ட்டி கேட்டுக்கொண்டு நிற்கிறது, அறை போய்விடும்' என்பார். நவம்பரில் நிலாவெளியில் அறை எங்கேயும் போகாது.