ஆபாசப் படம் வைத்திருப்பதே குற்றம் என்ற சட்டத்தை எதிர்த்துப் பேசுகிறவர்கள் ஆபாசத்துக்கு வக்காலத்து வாங்குகிறார்களா?

இல்லை. நானும் அந்தச் சட்டத்தை எதிர்க்கிறவள்தான். அந்தப் படங்கள் எனக்கு அருவருப்பு. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்து மூன்று வயது. பழகியவன் அவளுக்குத் தெரியாமல் எடுத்த வீடியோவைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிட்டான். தோழி ஒருத்தி அதை இவளுக்கே அனுப்பி, "இது நீதானே?" என்று கேட்டிருக்கிறாள். புகார் கொடுக்கலாம் வா என்றேன். அவள் கேட்டது இதுதான்: "அக்கா, அது என் போன்லயும் இருக்கே, என்னையும் பிடிச்சிருவாங்களா?"

ஒன்றும் ஆகாது, நீ பாதிக்கப்பட்டவள் என்று லோயர் பொறுமையாகச் சொன்னார். மறுநாள் வந்தபோது எல்லாவற்றையும் அழித்திருந்தாள். யார் அனுப்பியது, எந்த நேரம், எந்தக் குழு, ஒன்றுமே மிச்சமில்லை.

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டம், 5ஆம் பிரிவு, ஆபாசப் படத்தை வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. அபராதம் 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை, அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். படத்தில் இருக்கிறவர் சம்மதித்தாரா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. என் எதிர்ப்பு முழுக்க இந்த இடத்தில்தான்.

பிரிட்டனில் இதே சண்டை நீண்ட நாளாக நடக்கிறது. 2003இல் ஜேன் லாங்ஹர்ஸ்ட் என்ற ஆசிரியையைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன் வன்முறை ஆபாசத் தளங்களைப் பார்த்துவந்தவன். அந்த மாதிரிப் படங்களை வைத்திருப்பதையே தடைசெய்யச் சொல்லி ஜேனின் தாயார் போராடினார். அந்தத் தாயின் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை, அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். 2008இல் சட்டம் வந்தது, 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது: 'மிதமிஞ்சிய' (கடும் வன்முறை போன்றவை உள்ள) ஆபாசப் படத்தை வைத்திருந்தாலே 3 ஆண்டு வரை சிறை. நடிப்பா நிஜமா என்பது முக்கியமில்லை, நிஜம்போல் தெரிந்தால் போதும். பேக்லாஷ் என்ற அமைப்பு இதை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்துவருகிறது. வயது வந்த இருவர் சம்மதித்துச் செய்வது குற்றமில்லை என்னும்போது, அதன் படம் மட்டும் எப்படிக் குற்றமாகும் என்பது அவர்கள் கேள்வி.

வேல்ஸில் ஒருவர்மேல் புலியோடு ஒரு பெண் உறவுகொள்வதுபோல் தெரியும் வீடியோவை வைத்திருந்ததாக வழக்குப் போட்டார்கள். நண்பர் விளையாட்டாக அனுப்பியது. ஒலியோடு ஓட்டிப் பார்த்தபோதுதான் அது நிஜப் புலி இல்லை என்று தெரிந்தது. அந்த வழக்கு கைவிடப்பட்டது, ஆனால் அதற்குள் அந்த மனிதர் பல மாதங்கள் குற்றவாளிபோல் வாழ்ந்தாகிவிட்டது. நம் தோட்டங்களில் எத்தனை பேர் கைப்பேசியில் புலனம் தானாகவே படங்களை இறக்கிவைக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

அதே பிரிட்டனில் 2015இல் வந்த ஒரு சட்டம், சம்மதமில்லாமல் ஒருவருடைய அந்தரங்கப் படத்தை, அவரை நோகடிக்க வேண்டும் என்றே பரப்புவதைக் குற்றமாக்கியது. எனக்கு வேண்டியது இந்த வகைச் சட்டம். எடுத்தவனையும் பரப்பியவனையும் பிடிக்க வேண்டும். (வருத்தம் என்னவென்றால், வைத்திருப்பதற்கான தடையை விரிவாக்கியதும் அதே சட்டம்தான்.)

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட படங்கள் வேறு விஷயம். அதற்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது, வைத்திருந்தாலே தண்டனை. அதில் ஒரு வரியைக்கூடத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளையால் சம்மதம் தரவே முடியாது.

கோயில் மண்டபத்தில் பெண்களோடு இதைப் பேசியபோது சிலர் எழுந்து போனார்கள். உட்கார்ந்திருந்தவர்களிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். உங்கள் படம் உங்களுக்கே வந்தால் அழிக்காதீர்கள். வேறு யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். அனுப்பியவர் எண்ணும் நேரமும் தெரியும்படி அப்படியே வைத்துக்கொண்டு முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அப்புறம் போலீஸுக்குப் போகும்போது தனியாகப் போக வேண்டாம். என்னைக் கூப்பிட்டால் நானும் வருகிறேன்.