கணுக்கால் முறிவும் இரண்டரை வயதுக் குட்டியும்: இப்போது என்ன பழக்கலாம்?

இடது கணுக்காலில் மாவுக்கட்டு பிரித்து இரண்டு வாரம் ஆகிறது, மார்வாரி இனக் குதிரைக் குட்டியை நீளக் கயிற்றில் சுற்றவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நடுவில் நிற்பவர் சும்மா நிற்பதில்லை. குதிரையோடு ஓயாமல் திரும்புகிறார். அது வெடுக்கென்று இழுத்தால் உடல் எடை முழுவதும் அந்தக் கணுக்காலை முறுக்கிவிடும். கையில் பிடித்து நடத்துவதையும் வேறொருவரிடம் விடுங்கள்.

நீங்கள் வேலிக்கு வெளியே நில்லுங்கள். குச்சி நுனியில் ஒரு பந்தைக் கட்டி நீட்டுங்கள். குட்டி அதை மூக்கால் தொட்டதும் நாக்கைச் சொடுக்கி, கேரட் துண்டை வாளியில் போடுங்கள். கையில் கொடுத்தால் கடிக்கப் பழகிவிடும், ஆண்குட்டி என்றால் கேட்கவே வேண்டாம். பந்தை நகர்த்தியே தலை தாழ்த்த, பின்வாங்க, பக்கம் திரும்பப் பழக்கலாம். ஒரு தடவைக்கு 5 முதல் 10 நிமிடம் போதும்.

தீவனத்தில் கொள்ளுப் பயற்றைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். தினமும் திறந்தவெளியில் விடுங்கள். இல்லாவிட்டால் அடைந்து கிடந்த துள்ளலெல்லாம் உங்கள் மேல்தான் இறங்கும்.

மருத்துவர் அனுமதித்தாலும், இடது காலை மட்டும் ஊன்றி 20 முறை குதிகால் உயர்த்த வருகிறதா பாருங்கள். வராதவரை கயிறு வேண்டாம். முதல் சவாரியும் வேறொருவர் செய்யட்டும்: ஏறும்போது அங்கவடியில் ஊன்றுவது இடது கால்தான், இறங்கும்போது அதிர்ச்சி இரண்டிலும். குதிரையின் முதுகெலும்பு வளர்ந்து முடியவே ஐந்து வயதுக்கு மேல் ஆகும். சில மாதத் தாமதத்தால் குட்டிக்கு நஷ்டமில்லை.