இல்லத்தில் வளரும் பிள்ளைகளின் மனநலம்: கேள்வியும் பதிலும்

காப்பகப் பிள்ளைகளுக்கும் வளர்ப்புக் குடும்பங்களுக்கும் பல வருடங்களாக மனநல ஆலோசனை சொல்லி வருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: எங்களிடம் வளர வந்த 9 வயதுப் பெண் பிஸ்கட்டைத் திருடித் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறாள். கேட்டால் பொய். வயிறு நிறையத்தான் சாப்பாடு போடுகிறோம்.

பதில்: முதலில் ‘திருட்டு’ என்ற சொல்லை விடுங்கள். அடுத்த வேளை சாப்பாடு வருமா என்று தெரியாமல் இருந்த பிள்ளை கற்றுக்கொண்ட பிழைக்கும் வழி இது. வீடு மாறிவிட்டது, அவள் உடம்பு அதை இன்னும் நம்பவில்லை. அவளுக்கென்று ஒரு டப்பா கொடுங்கள். கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். காலியானால் கேட்காமலே நிரப்புங்கள். பழக்கம் விட மாதக்கணக்கில் ஆகலாம். அலமாரிக்குப் பூட்டுப் போட்டால் அவள் பயந்தது சரிதான் என்று ஆகிவிடும்.

அப்புறம் அந்தப் பொய். உங்களுக்குத் தெரிந்ததையே ‘எடுத்தாயா?’ என்று கேட்டால் பொய்தான் வரும். ‘தலையணைக்கு அடியில் பிஸ்கட் பார்த்தேன், எறும்பு வந்துவிடும், டப்பாவில் வைப்போமா?’ என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் இல்லத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் கவுன்சலிங்கில் வாயே திறப்பதில்லை. ஒரே வருடத்தில் மூன்று ஆலோசகர்களைப் பார்த்துவிட்டான்.

பதில்: மூன்று பேர் வந்து போயிருக்கிறார்கள். நாலாவது ஆளிடம் எதற்காகப் பேச வேண்டும் என்று அவன் நினைப்பதில் என்ன தப்பு?

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். அவர்களுக்கு அறிவு வளர்ச்சியும் மனிதர்களிடம் ஒட்டுகிற குணமும் மேம்பட்டன. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். காப்பகத்தில் பார்த்துக்கொள்ளும் ஆள் ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் மாறுவது பிள்ளைக்கு எத்தனை பெரிய இழப்பு என்று அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

உங்கள் பையனுக்கு 13 வயது, காலம் கடந்துவிடவில்லை. பொதுவாக 12 முதல் 16 அமர்வு வரை போகும் சிபிடி சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) ஒன்று, அதிர்ச்சியைச் சந்தித்த பிள்ளைகளுக்கென்றே இருக்கிறது. அதில் பராமரிப்பவருக்கும் பங்கு உண்டு. ஆனால் முடியும்வரை இருக்கப்போகிற ஆலோசகரைத் தேடுங்கள். எதிரெதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்க வேண்டாம். நடந்துகொண்டோ பந்து போட்டுக்கொண்டோ பேசுவது இந்த வயதுக்கு எளிது.

கேள்வி: அண்ணனையும் தங்கையையும் வேறு வேறு இல்லத்தில் போடலாமா?

பதில்: கூடாது. மாற்றுப் பராமரிப்பு, அதாவது பெற்றோரிடம் இல்லாத பிள்ளைகளை வளர்ப்பது பற்றிய ஐ.நா. வழிகாட்டுதல் (2009) அதைத்தான் சொல்கிறது. ஒருவரால் மற்றவருக்கு ஆபத்து என்பது போன்ற தக்க காரணம் இருந்தால் மட்டுமே விலக்கு. இடமில்லை என்பதெல்லாம் காரணமாகாது.

கேள்வி: எனக்கு 17 வயது. 18 முடிந்ததும் இல்லத்தை விட்டுப் போக வேண்டும். ராத்திரி தூக்கமே வருவதில்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?

பதில்: இல்லவே இல்லை. உங்கள் நிலையில் யாருக்கும் தூக்கம் போகும். வெளியே போகிறவர்களை வெகு முன்பே தயார்ப்படுத்த வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ஆகவே இப்போதே கேட்பது உங்கள் உரிமை. பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ்கள், மருத்துவக் குறிப்புகள் எல்லாவற்றையும் கைக்கு வாங்குங்கள். மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம். பெரியவர்களுக்கான மருத்துவரை இங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள். நள்ளிரவில் அழைத்தாலும் எடுப்பேன் என்று சொல்லும் ஒருவரின் எண்ணும் வேண்டும். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள், அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ‘யாரிடமும் சொல்லாதீங்க’ என்று சொல்லி, கையைக் கீறிக்கொண்டதை ஒரு பெண் காட்டினாள். வாக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ‘உன் உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆவேன். யாரிடம், எப்படி என்பதை இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்வோம்’ என்று நேராகச் சொல்லுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது.

கேள்வி: நாங்கள் கல்லூரி மாணவர்கள். விடுமுறையில் இரண்டு மாதம் வந்து பிள்ளைகளுக்கு அண்ணன், அக்காவாக இருக்க ஆசை.

பதில்: அண்ணன், அக்கா வேண்டாம். ஒட்டிக்கொண்ட பிறகு நீங்கள் போய்விடுவீர்கள். கணக்குச் சொல்லிக்கொடுங்கள். எந்தத் தேதியில் கிளம்புவீர்கள் என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.