பனிச்சரிவு அபாயமுள்ள மலைக்கு நாயை அழைத்துப் போகலாமா? அதற்கும் பீக்கன் கட்டலாமா?

வேலூரிலிருந்து குல்மார்க் போகிறோம், எங்கள் லாப்ரடாருக்கும் பீக்கன் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உடலில் கட்டிக்கொள்ளும் ரேடியோ கருவி) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனிதர்கள் அணியும் பீக்கனை நாய்க்குக் கட்டவே கட்டாதீர்கள்.

எல்லா பீக்கன்களும் 457 கிலோஹெர்ட்ஸில்தான் சமிக்ஞை அனுப்புகின்றன. தேடுபவரின் பீக்கன் திரையில் அம்புக்குறியும் தூரத்தைக் காட்டும் எண்ணும் தெரியும். பனிக்கடியில் கிடப்பது நாயா, உங்கள் தம்பியா என்பது தெரியாது. புதைந்து கால் மணி நேரம் கடந்தாலே பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறைந்துவிடும். அந்த நிமிடங்களில் மண்வெட்டி முதலில் நாயின் மேல் இறங்கினால், இரண்டடி தள்ளி ஒரு மனிதர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கலாம். எனக்கும் நாய் என்றால் உயிர்தான். ஆனாலும் இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நாய்களுக்கென வேறு அலைவரிசைக் கருவிகள் வந்ததுண்டு. அவற்றை எல்லா பீக்கன்களாலும் கண்டுபிடிக்க முடியாது.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. அங்கே எல்லோரும் இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். நாய் அதற்குக் கட்டுப்படாது, எஜமானைத் தேடிக் குறுக்கே ஓடும். போதாததற்கு, காட்பாடி வெயிலில் வளர்ந்த நாயின் விரலிடுக்குகளில் பனி உருண்டையாக இறுகி, சீக்கிரமே நொண்ட வைக்கும். மீட்பு நாய்களின் கதை வேறு, அவை அதற்கென்றே பழக்கப்பட்டவை.

அழைத்துப் போயே தீர வேண்டுமென்றால், தலைக்கு மேல் செங்குத்தான சாய்வு இல்லாத சமவெளிப் பனியில் விளையாட விடுங்கள்.