எஸ்குடோ பொற்காசுகள் (ஸ்பெயினும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களும் அடித்தவை): வாசகர் கேள்விகள்

கேள்வி: போகோட்டாவில் அடித்த பழைய 2 எஸ்குடோ என்று காட்டினார்கள். வட்டமாகவே இல்லை, ஆண்டையும் காணோம். போலியா?

பதில்: அதை வைத்து மட்டும் தள்ளிவிடாதீர்கள். பொன்னைத் தகடாக்கித் துண்டு போட்டு, எடை கூடினால் ஓரத்தைக் கத்தரித்து, இரு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்த 'மக்குகினா' காசு அப்படித்தான் இருக்கும். அச்சு துண்டைவிடப் பெரிது. அதனால் ஓரத்து எழுத்தும் ஆண்டும் பெரும்பாலும் விழாது. அக்கசாலை (காசு அடிக்கும் இடம்) பார்த்தது எடையை. 6.77 கிராமை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். மெக்சிகோவில் 1732-இல் இயந்திர அச்சு வந்துவிட்டது. இயந்திரத்தில் அடித்த காசு கோணலாக இருந்தால் சந்தேகப்படலாம்.

கேள்வி: 1790 மெக்சிகோ 8 எஸ்குடோவுக்கு 22 காரட் கணக்கில் விலை சொல்கிறார்கள். சரிதானா?

பதில்: இல்லை. எடை 27.06 கிராம் (மூன்று சவரனுக்கு மேல் மூன்று கிராம்) மாறவில்லை, மாற்றுதான் (தங்கத்தின் தூய்மை) இறங்கியது. ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் காலத்தில் ரகசிய ஆணைகளால் 0.917 என்பது 1772-இல் 0.901 ஆகி, 1786-இல் 0.875 ஆனது. அதாவது 21 காரட். உங்கள் காசில் பசும்பொன் 23.7 கிராம்; 22 காரட் என்றால் 24.8 இருந்திருக்கும். உருக்கி விற்கும் விலையிலேயே இவ்வளவு வித்தியாசம். சேகரிப்பாளர் தரும் விலை தனி.

கேள்வி: காசில் 'எம்' (M) எழுத்தின் தலையில் சிறு வட்டம். எந்த ஊரில் அடித்தது?

பதில்: மெக்சிகோ. வட்டத்துக்குப் பதில் கிரீடம் இருந்தால் மாட்ரிட்.

கேள்வி: உரைகல்லில் உரசாமல் சோதிக்க முடியுமா?

பதில்: உரசவே வேண்டாம், கீறல் விழுந்தால் மதிப்பு போச்சு. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்குங்கள். காசின் எடையைத் தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 22 காரட் 8 எஸ்குடோவுக்குத் தராசு 1.50 முதல் 1.54 வரை காட்டும். 21 காரட்டுக்கு 1.55 முதல் 1.60. குமிழி ஒட்டினால் நல்ல தங்கமும் மட்டமாகத் தெரியும். ஒரு சொட்டு சோப்புநீர் விட்டால் போதும். 1 எஸ்குடோவுக்கு இது உதவாது: தராசு காட்டுவது மொத்தமே 0.19 கிராம்தான், 0.01 பிசகினாலே கணக்கு கவிழ்ந்துவிடும்.

இன்னொன்று. பிளாட்டினம் மலிவாக இருந்த 19-ஆம் நூற்றாண்டில் அதில் செம்பு கலந்து, தங்கமுலாம் பூசிப் போலி அடித்தார்கள். எடையும் அடர்த்தியும் ஏறக்குறைய ஒத்துப்போகும். லென்ஸ் வைத்து விளிம்பையும் மேடான இடங்களையும் பாருங்கள்; முலாம் தேய்ந்த இடத்தில் வெள்ளை எட்டிப்பார்க்கும்.