எஸ்சிட்டலோப்ராமை நிறுத்தியதும் அம்மாவுக்குத் தலைசுற்றல்

காரைக்குடித் தங்கச்சிக்கு, மனச்சோர்வு குறைந்துவிட்டதென்று அம்மா நான்கு மாதமாகப் போட்டுவந்த எஸ்சிட்டலோப்ராம் மாத்திரையை நிறுத்தி மூன்று நாள், இப்போது தலைசுற்றல், எரிச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இது திடீரென நிறுத்தியதன் விளைவுதான். போதைப் பழக்கம் என்று பயப்பட வேண்டாம்.

நானும் இதே மாத்திரைதான். பழனி பாதயாத்திரைக்குக் கிளம்பியபோது அட்டையை மாடக்குழியிலேயே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் நத்தம் பக்கம், கண்ணைத் திருப்பினாலே தலைக்குள் சுரீரென்று ஷாக் அடித்தது. கால்வலியை விட அது மோசம்!

இன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்துப் போட வேண்டாம். குணமான பிறகும் பொதுவாக 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதானாலும் அளவைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

அப்புறம், மூட்டுவலிக்கு டிரமடால், டைக்ளோஃபெனாக் போடுகிறாரா? அதையும் சொல்லுங்கள். எஸ்சிட்டலோப்ராமோடு சேர்ந்தால் முதலாவது செரோட்டோனின் என்ற மூளை ரசாயனத்தை ஆபத்தாக ஏற்றலாம், இரண்டாவது ரத்தக்கசிவு வாய்ப்பைக் கூட்டும். இந்த மாத்திரையால் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் என்ற உப்பும் குறையலாம். குழப்பமாகப் பேசினால் உடனே மருத்துவமனை. சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள், அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம்.